வேலையில் அடிபட்டால்: இழப்பீட்டுக் கிளெய்மில் யாரிடம், எப்போது, என்ன சொல்ல வேண்டும்

வேலை செய்யும்போது அடிபட்டவருக்கு இழப்பீடு என்பது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படியான உரிமை. முதலாளியின் தவறு என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூடப் பொதுவாக இல்லை. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டது என்று காட்டினால் போதும். அப்படியிருந்தும் கிளெய்ம்கள் மாதக்கணக்கில் இழுபடுகின்றன. என் தோள்பட்டைக் காயத்துக்காக அலைந்தபோதுதான் காரணம் புரிந்தது. நிறுவனத்தின் பதிவேட்டில் விபத்து ஒரு மாதிரி இருக்கிறது, மருத்துவமனைக் குறிப்பில் வேறு மாதிரி, இன்சூரன்ஸ் ஃபைலில் இன்னொரு மாதிரி. இந்த மூன்று இடங்களும் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே செய்தியை மூன்று இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை, வலியோடு படுத்திருக்கிற உங்கள் தலையில்தான் விழுகிறது. அது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

கெடுவும் தொகையும் நாட்டுக்கு நாடு மாறும். கீழே சில இடங்களின் எண்களைத் தந்திருக்கிறேன். உங்கள் ஊர் விதியைத் தொழிலாளர் துறையிடமோ தொழிற்சங்கத்திடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் கேட்பதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

1. அன்றைக்கே எழுத்தில் சொல்லுங்கள்

"சூப்பர்வைசர் பக்கத்தில்தானே நின்றார், அவருக்குத் தெரியுமே" என்று இருந்துவிடாதீர்கள். அவருக்குத் தெரியும் என்பது வேறு, நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டது என்பது வேறு. அவர் வேலையை விட்டுப் போகலாம், மறந்துபோகலாம், நெருக்கடி வந்தால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்றும் சொல்லலாம். எனவே வாயால் சொன்னதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ அனுப்புங்கள். எழுத முடியாத நிலையில் இருந்தால் வீட்டில் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். இந்த அளவு போதும்:

"இன்று காலை சுமார் 10.40 மணிக்கு, இரண்டாம் கிடங்கில் மேல் தட்டிலிருந்து பெட்டி இறக்கும்போது ஏணி சரிந்து விழுந்தேன். வலது தோள் தரையில் மோதியது. கையைத் தூக்க முடியவில்லை. அப்போது இரண்டு பேர் உடன் இருந்தார்கள் (பெயர்கள்). மருத்துவமனைக்குப் போகிறேன். இதை விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்து எனக்கு ஒரு நகல் தரவும்."

நாள், நேரம், இடம், என்ன வேலை, எப்படி நடந்தது, உடம்பில் எங்கே, யார் பார்த்தார்கள். இவ்வளவும் அதில் இருக்கின்றன. யார் மேல் குற்றம் என்பது இல்லை. "நான்தான் கவனிக்காமல் ஏறிவிட்டேன், மன்னிக்கவும்" என்று பணிவுக்காக எழுதுகிறவர்கள் உண்டு. "ஏணியை மாற்றச் சொல்லி எத்தனை முறை சொன்னேன்" என்று கோபத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. முதல் அறிவிப்பில் இரண்டும் வேண்டாம். ஏணி பழுதானது என்றால் அதைப் படம் எடுத்து வையுங்கள், வேறொரு நாள் தேவைப்படும்.

அடிபட்ட உறுப்புகள் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். தோள்தான் பெரிய வலி என்று முழங்கால் வீக்கத்தைச் சொல்லாமல் விட்டால், பிறகு முழங்காலுக்கு ஸ்கேன் கேட்கும்போது "அது இந்த விபத்தில் வந்ததா?" என்று கேள்வி வரும்.

கெடுவைப் பொறுத்தவரை, முதலாளிக்கு ஒரு கடிகாரம், உங்களுக்கு ஒரு கடிகாரம். மலேசியாவில் விபத்து நடந்ததை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு (தொழிலாளர்களுக்கான அரசு சமூகப் பாதுகாப்பு அமைப்பு) தெரிவிக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் முதலாளிக்கு மூன்று வேலைநாள், தொழிலாளி கிளெய்ம் போட ஆறு மாதம். ஜெர்மனியில் மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால், தெரியவந்த மூன்று நாளுக்குள் முதலாளி அறிக்கை தர வேண்டும். கலிஃபோர்னியாவில் நீங்கள் 30 நாளுக்குள் முதலாளியிடம் சொல்ல வேண்டும், அவர் ஒரு வேலைநாளுக்குள் கிளெய்ம் படிவத்தைக் கையில் தர வேண்டும். சிங்கப்பூரில் கிளெய்ம் போட ஓராண்டு, இந்தியாவில் இரண்டு ஆண்டு. ஆண்டுக்கணக்கில் கெடு இருக்கிறதே என்று மெத்தனமாக இருக்கக் கூடாது. கெடு முடிவதற்குள் போட்டாலும், "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்ற சந்தேகம் முதல் வாரத்திலேயே முளைத்துவிடும்.

விழுந்து அடிபடாமல் மெல்ல மெல்ல வருகிற பாதிப்புகளும் உண்டு: ஒரே மாதிரி வேலையால் மணிக்கட்டில் நரம்பு அழுத்தம், இரைச்சலால் காது மந்தம், ரசாயனத்தால் தோல் நோய். இவற்றுக்கு விபத்து நாள் என்று ஒன்று கிடையாது. இது வேலையால் வந்தது என்று டாக்டர் முதலில் சொன்ன நாளைக் குறித்து வையுங்கள். பல இடங்களில் கெடுவை அங்கிருந்துதான் எண்ணுகிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தையும் தெரிவித்துவிடுங்கள். மலேசியாவின் சொக்சோ, இந்தியாவின் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) ஆகியவற்றில் அதற்கு இடம் உண்டு, கலிஃபோர்னியாவில் பொதுவாக இல்லை. ஏற்பதா மறுப்பதா என்பதை அவர்கள் சொல்லட்டும், நீங்களே முடிவு செய்து விட்டுவிடாதீர்கள்.

2. டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது

இந்தப் படியில்தான் அதிகமான கிளெய்ம்கள் சிக்குகின்றன. எனக்கும் இங்கேதான் முடிச்சு விழுந்தது. ஏணியிலிருந்து விழுந்தேன் என்று நான் சொல்லியும், அவசர சிகிச்சைப் பிரிவின் குறிப்பில் "வலது தோள் வலி" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எப்படி வந்தது, எங்கே நடந்தது, ஒரு வார்த்தை இல்லை. இன்சூரன்ஸ்காரர்கள் அதைக் காட்டித்தான் நிறுத்தி வைத்தார்கள்.

டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "வேலை செய்யும் இடத்தில், இன்று காலை, ஏணியிலிருந்து விழுந்து அடிபட்டது. இழப்பீட்டுக் கிளெய்ம் போடப்போகிறேன், குறிப்பில் அதை எழுதிவிடுங்கள்." கூச்சப்பட வேண்டாம். வெளியே வருவதற்கு முன் சீட்டை வாங்கிப் படியுங்கள். இடது வலது மாறியிருக்கிறதா, தேதி சரியா, வேலையிடம் என்று இருக்கிறதா. தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொன்னால் உடனே ஆகிவிடும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு என்று நீளும்.

அடுத்து, வலியைச் சொல்கிற விதம். டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை டாக்டர்" என்று நம் வாயில் தானாக வந்துவிடும். மரியாதைக்குச் சொல்வதுதான். ஆனால் அவர் "நோயாளிக்கு முன்னேற்றம்" என்று எழுதிவிடுவார், அந்த ஒரு வரியை வைத்துச் சம்பள ஈடு நின்றுபோகலாம். "ரொம்ப வலிக்குது" என்பதாலும் பெரிய பயன் இல்லை. எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். கை தோளுக்கு மேல் போகவில்லை. அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, இரவில் விழித்துக்கொள்கிறேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பாதியில் பிடி விடுகிறது. முன்பு முடியாமல் இப்போது முடிகிறது என்றால் அதையும் உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

பழைய காயம் ஏதாவது இருந்ததா என்று கேட்டால் மறைக்காதீர்கள். பழைய மருத்துவ ஆவணங்களை இன்சூரன்ஸ்காரர்கள் வரவழைத்துப் பார்ப்பார்கள். ஏற்கெனவே இருந்த பாதிப்பு வேலையால் மோசமானாலும் பல நாட்டுச் சட்டங்கள் அதை ஏற்கின்றன. மறைத்தது தெரிந்தால்தான் ஆபத்து. அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன உண்மைகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

வேறு மொழி பேசும் நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்க நிறுவனத்து ஆளையே கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போகாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் "வேலையிடத்தில் விழுந்தேன்" என்பதை "விழுந்துவிட்டார்" என்று சுருக்கிவிட்டால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. மருத்துவமனையிலேயே மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று கேளுங்கள், பல இடங்களில் கட்டணம் இல்லாமல் தருகிறார்கள். கிடைக்காவிட்டால் நண்பரையோ உறவினரையோ போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடுங்கள்.

3. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்

நினைவு பசுமையாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நாளுக்குள், நடந்ததை வரிசையாக ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிறகு யார் கேட்டாலும், எந்தப் படிவம் நிரப்பினாலும், அந்தப் பக்கத்தைப் பார்த்தே பதில் சொல்லுங்கள். ஓரிடத்தில் "பத்தரை", இன்னோரிடத்தில் "பதினொன்று", ஓரிடத்தில் "வழுக்கியது", இன்னோரிடத்தில் "சரிந்தது" என்று வந்தால், ஃபைலைப் படிக்கிறவர் கண்ணில் அதுதான் படும். நிச்சயமாகத் தெரியாத விவரத்துக்குச் "சுமார்" போடுங்கள், அல்லது "நினைவில்லை" என்று எழுதுங்கள். ஊகத்தை உண்மை மாதிரி எழுதவே கூடாது.

4. காகிதங்களும் கைச்செலவும்

ஒரு ஃபைல், அதன் படங்கள் போனில் ஒரு தனி ஃபோல்டர். இவை வேண்டும்:

விபத்து அறிவிப்பும் அது போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரமும். நிறுவனத்தின் விபத்து அறிக்கை நகல். எல்லா மருத்துவச் சீட்டுகளும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் ரிப்போர்ட்டும். இடைவெளி இல்லாத விடுப்புச் சான்றுகள். விபத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுகள், முடிந்தால் ஓராண்டுக்கு. வேலை நியமனக் கடிதம் அல்லது ஒப்பந்தம். பார்த்தவர்களின் பெயரும் போன் எண்ணும்.

விடுப்புச் சான்றில் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. ஒரு சான்று வெள்ளிக்கிழமையோடு முடிந்து அடுத்தது திங்களில் தொடங்கினால், நடுவில் இரண்டு நாள் நீங்கள் நலமாக இருந்ததாகக் கணக்கு வைப்பார்கள். மலேசியாவில் தற்காலிக இயலாமைப் பணம் (காயத்தால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்குத் தருவது) பெறவே விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருக்க வேண்டும். அங்கே ஒரு நாள் குறைந்தாலும் முழுதும் போய்விடும்.

சம்பளமாக ரொக்கம் வாங்குகிறவர்களுக்குச் சீட்டு இருக்காது. வங்கியில் போட்ட பதிவு, சம்பளத்தைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தி, வருகைப் பதிவேட்டின் படம், உடன் வேலை செய்கிறவரின் எழுத்து வாக்குமூலம், எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, கிளெய்ம் போடுவதற்கென்று பெரும்பாலும் கட்டணம் இல்லை. கைக்காசு கரைவது வேறு வழியில்: மருத்துவ ஆவண நகல், சிகிச்சைக்குப் போய்வரும் வண்டிக்கூலி, வெளியே வாங்கும் மருந்து, தோள் தாங்கி மாதிரி சின்னச் சாமான்கள். ரசீது இருந்தால் இவற்றில் பலவற்றைத் திரும்பக் கேட்கலாம். வெப்பத்தில் அச்சிட்ட ரசீதுகள் சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுங்கள். மூலப் பிரதிகளை யாருக்கும் தர வேண்டாம். கட்டாயம் என்றால் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

5. இன்சூரன்ஸ் அதிகாரி கூப்பிடும்போது

கிளெய்ம் பதிவானதும் ஓர் எண் தருவார்கள். இனி எந்த மின்னஞ்சல் அனுப்பினாலும் அதன் தலைப்பில் அந்த எண் இருக்க வேண்டும். ஒருவர் கையில் ஏராளமான ஃபைல்கள் இருக்கும். எண் இல்லாத மின்னஞ்சல் உங்கள் ஃபைலில் போய் உட்காராது.

முதல் அழைப்பு பெரும்பாலும் இனிமையாகத்தான் இருக்கும். "நலமா? இப்போது எப்படி இருக்கிறது? என்ன நடந்தது, சும்மா சொல்லுங்கள்." அந்த உரையாடல் பதிவாகலாம். கேட்டு வாங்குங்கள்: பதிவு செய்கிறீர்களா, உங்கள் பெயரும் பதவியும் என்ன, மின்னஞ்சல் என்ன. மருந்து மயக்கத்திலோ பஸ்ஸிலோ இருந்தால் "நாளை காலை பேசலாமா?" என்று தள்ளிப்போடலாம், தவறில்லை. பேசும்போது ஒரு பக்கக் குறிப்பு எதிரில் இருக்கட்டும். கேட்டதற்கு மட்டும் பதில், பிறகு நிறுத்திவிடுங்கள். எதிர்முனையில் அமைதி நிலவினால் அதை நிரப்பத் தோன்றும். அப்போதுதான் தேவையில்லாத ஊகங்கள் வெளியே வருகின்றன.

போனை வைத்ததும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று மதியம் பேசியபடி, ஸ்கேனுக்கான அனுமதியை வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகச் சொன்னீர்கள். நான் சம்பளச் சீட்டுகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏதாவது மாறுபட்டால் தெரிவிக்கவும்." என் கிளெய்மை நகர்த்தியது எது என்று கேட்டால் இந்தப் பழக்கத்தைத்தான் சொல்வேன். சொன்ன நாளில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சல் தொடரிலேயே நினைவூட்டுங்கள். புதிய மின்னஞ்சல் தொடங்காதீர்கள், பழைய வாக்குறுதி கண்ணில் பட வேண்டும். மரியாதையாக எழுதுங்கள். திட்டி எழுதினால் அது ஃபைலில் நிற்கும், அடுத்து வருகிற அதிகாரியும் அதைப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் பேசுவார்.

அதிகாரி மாறுவது சகஜம். மாறினால், இதுவரை நடந்ததைப் பத்து வரியில் சுருக்கிப் புதியவருக்கு அனுப்புங்கள். அவர் ஃபைலை முழுதும் படித்திருப்பார் என்று நம்ப வேண்டாம். அப்புறம், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் குழந்தையை ஒரு நிமிடம் தூக்கிய படம்கூட உங்களுக்கு எதிராக வரும். கிளெய்ம் முடியும்வரை படம் போடாமல் இருப்பது நல்லது.

மருத்துவத் தகவல் தரச் சம்மதப் படிவம் அனுப்புவார்கள். எந்த உறுப்பு, எந்தக் காலம் என்று எல்லை போட்டிருக்கிறதா பாருங்கள். வாழ்நாள் முழுக்க எல்லா மருத்துவ ஆவணங்களும் என்று இருந்தால், ஏன் தேவை என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

6. பணம் வரும் நேரமும் கணக்கும்

முழுச் சம்பளம் வரும் என்று வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் தற்காலிக இயலாமைக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மலேசியாவில் சராசரி நாள் கூலியில் 80 சதவீதம். சிங்கப்பூரில் வெளிநோயாளி மருத்துவ விடுப்பில் முதல் 14 நாளுக்கு முழுதும், பிறகு மூன்றில் இரண்டு பங்கும். சில இடங்களில் முதல் சில நாளுக்குப் பணமே கிடையாது. கலிஃபோர்னியாவில் அது மூன்று நாள், இயலாமை 14 நாளைத் தாண்டினால் அந்த மூன்று நாளுக்கும் சேர்த்துத் தருவார்கள்.

சராசரியை எப்படிப் போட்டார்கள் என்று கணக்குத் தாளைக் கேளுங்கள். ஓவர்டைம், ஷிப்ட் படி, இரண்டாவது வேலையின் வருமானம் ஆகியவை சேர வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், விடுபடுவதும் இங்கேதான். முதல் தொகை வந்த வாரத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். பல இடங்களில் அந்த எண்ணை வைத்துத்தான் பின்னால் நிரந்தர இயலாமைத் தொகையும் கணக்கிடப்படும்.

தாமதமானால் என்ன விதி என்பதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். இந்தியாவில் உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முதலாளி இழப்பீடு தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும். கலிஃபோர்னியாவில் படிவம் கொடுத்து 90 நாளுக்குள் மறுக்காவிட்டால் பொதுவாகக் கிளெய்ம் ஏற்கத்தக்கது என்றே கருதப்படும். "சீக்கிரம் பாருங்கள் சார்" என்பதைவிட, விதியைக் குறிப்பிட்டு எழுதிய ஒரு வரிக்கு விரைவாகப் பதில் வரும்.

7. நிறுவனத்தோடு பேச்சு அறுந்துவிடாமல்

அடிபட்டு வீட்டில் இருக்கும்போது நிறுவனத்திலிருந்து யாருமே கூப்பிடாவிட்டால் மனம் கசந்துபோகும். கோபத்தில் நாமும் பேசாமல் இருந்துவிடுவோம். அதனால் நமக்குத்தான் நஷ்டம். ஒவ்வொரு டாக்டர் சந்திப்புக்குப் பிறகும் இரண்டு வரி அனுப்புங்கள்: சான்று எதுவரை, அடுத்த சந்திப்பு எப்போது. இதைப் படிக்கிற மேலாளர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் இரண்டு நாளுக்குள் ஒரு முறை நேரடியாகக் கூப்பிட்டு, உடம்பைப் பற்றி மட்டும் விசாரியுங்கள். எப்போது வருவாய் என்ற கேள்வி அந்த அழைப்பில் வேண்டாம்.

வேலைக்குத் திரும்பும்போது "லைட் டியூட்டி" என்று ஒரு வார்த்தை எழுதிய சான்றோடு போகாதீர்கள். அதற்கு ஒவ்வொருவரும் ஓர் அர்த்தம் வைத்திருப்பார்கள். எத்தனை கிலோ வரை தூக்கலாம், தோளுக்கு மேல் கை போகலாமா, எத்தனை மணி நேரம் நிற்கலாம், எத்தனை வாரத்துக்கு என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் இதற்கென்றே தனிப் படிவம் உண்டு. அந்த எல்லையை மீறிய வேலை தந்தால் முகத்துக்கு நேரே மறுத்துச் சண்டை போட வேண்டாம். "சான்றில் ஐந்து கிலோ என்று இருக்கிறது, இந்தப் பெட்டி அதைவிட அதிகம். வேறு என்ன செய்யட்டும்?" என்று கேட்டு, அதையே செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். வேலைக்கே போகாமல் நின்றுவிட்டால், தந்த வேலையை மறுத்தார் என்று பணத்தை நிறுத்த வழி கிடைத்துவிடும்.

8. மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மேல்முறையீட்டுக் கடைசி நாள், அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பிறகு காரணத்தைப் படியுங்கள். "வேலையில் நடந்ததற்கு ஆதாரம் இல்லை" என்றால் டாக்டரின் விளக்கக் கடிதமும் பார்த்தவர்களின் வாக்குமூலமும் வேண்டும். "ஆவணம் வரவில்லை" என்றால் அனுப்பிய சான்றோடு மறுபடி அனுப்பினாலே முடிந்துவிடலாம். என் தோள் விஷயத்தில், முதல் குறிப்பில் விட்டதை நிரப்பி மருத்துவமனை கொடுத்த கூடுதல் கடிதம்தான் வழி திறந்தது.

வழக்கறிஞர் எப்போது? அறுவை சிகிச்சை, நிரந்தர இயலாமை, வேலைநீக்க மிரட்டல், மொத்தமாக மறுப்பு, இவற்றில் ஒன்று வந்தால் தாமதிக்க வேண்டாம். கட்டணம் தொகையில் சதவீதமா, தோற்றாலும் தர வேண்டுமா, ஆவணச் செலவு யாருடையது என்று முதல் சந்திப்பிலேயே எழுதி வாங்குங்கள். பண உதவி தேவைப்பட்டால் இலவச சட்ட உதவி மையத்தையும் விசாரியுங்கள். "பணம் வாங்கித் தருகிறேன்" என்று மருத்துவமனை வாசலிலேயே வந்து நிற்கிற தரகர்களிடம் அடையாள அட்டையையோ கையெழுத்திட்ட வெற்றுத்தாளையோ கொடுத்துவிடாதீர்கள்.

9. கடைசித் தொகைக்குக் கையெழுத்திடும் முன்

ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். வலியும் கடனும் இருக்கும்போது எந்தத் தொகையும் பெரிதாகத்தான் தெரியும். காயம் இனி பெரிதாக மாறாது என்று டாக்டர் சொல்லும்வரை இறுதிக் கணக்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இவற்றை எழுத்தில் கேளுங்கள்: இனிமேல் வரும் சிகிச்சைச் செலவு இதில் அடக்கமா? இயலாமை எத்தனை சதவீதம் என்று யார் மதிப்பிட்டது, அதற்கு இரண்டாவது கருத்து கேட்கலாமா? இதுவரை தந்த பணத்தை இதில் கழிப்பார்களா? இதற்குப் பிறகு வேறு வழக்குப் போடும் உரிமை போய்விடுமா? சிங்கப்பூரில் இழப்பீட்டுச் சட்டப்படியோ சிவில் வழக்கு மூலமோ ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

தெரியாத மொழியில் இருக்கிற ஒப்பந்தத்தில், முழுதும் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்வரை கையெழுத்திட வேண்டாம். இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். "இன்றே போட்டால்தான்" என்று அவசரப்படுத்தினால், தேதியோடு அதை எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்தான நகல் உங்களிடமும் ஒன்று இருக்க வேண்டும்.

பிறகு காயம் மோசமானால் ஃபைலைத் திரும்பத் திறக்க முடியுமா, எத்தனை ஆண்டுக்குள் என்பதையும் அப்போதே கேட்டு ஃபைலின் மேலட்டையில் எழுதி வையுங்கள். கலிஃபோர்னியாவில் முழு விடுதலைப் பத்திரம் (இந்தக் காயத்துக்காக இனி எதுவும் கேட்கமாட்டேன் என்ற ஒப்பந்தம்) எழுதிக் கொடுக்காதவர்கள், அடிபட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மறுபடி கேட்கலாம். அதுவரை அந்த ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்.